பழுத்த நிறம்

பொனிரினுக்கு வலி கண்ணில் இல்லை, கழுத்தில் இருந்தது. பிடரிக்கும் தோளுக்கும் நடுவில் ஆணியை வைத்து யாரோ நிதானமாகத் திருகுவதுபோல இருக்கும். நிமிர்ந்தால் தலை சுற்றும், குனிந்தால் ஆணி திருகும். சம்பளம் குனிகிற வேலைக்குத்தான் என்பதால் குனிந்தே நின்றான்.

செம்பனை ஆலையின் இறக்குமேடையில் அவன்தான் குலை பார்ப்பவன். தோட்டங்களிலிருந்து வரும் லாரிகள் பின்பக்கமாக மேடையேறி, சிமெண்டுத் தரையில் குலைகளைக் கொட்டிவிட்டுப் போகும். கொட்டினால் ஆள் மறைகிற உயரத்துக்குக் குவியல் நிற்கும். பழுத்த குலை ஆரஞ்சு, காய் கறுப்பு. காய் உள்ளே போனால் எண்ணெய் குறையும், எண்ணெய் குறைந்தால் மேனேஜர் மேடைக்கு வந்து கத்துவார். ஆகவே கறுப்பைக் கண்டுபிடிப்பதுதான் பொனிரினின் பிழைப்பு. அவன் விரலை நீட்டுவான். நீட்டிய இடத்தில் வாகிரன் ஏறி, கையிலிருக்கும் இரும்புக் கொக்கியால் குலையைக் குத்தி இழுத்து ஓரமாக உருட்டிவிடுவான்.

வாகிரன் பொனிரினின் மச்சினன், மனைவி துமினியின் தம்பி. பொனிரினை அண்ணன் முறையில் 'காங்' என்று கூப்பிடுவான். அவனை ஆலைக்குக் கூட்டி வந்து சேர்த்துவிட்டதும் பொனிரின்தான்.

குவியலைப் பார்த்து முடித்ததும் பொனிரின் இன்னொரு காரியம் செய்ய வேண்டும். ஒரு தடவை மொத்தமாகக் கண்ணை ஓட்டி, குவியலில் ஆள் இல்லை என்று பார்த்து, கையைத் தூக்க வேண்டும். கை ஏறினால் லோடர் வரும். திகோர் என்கிற பத்தாக் இனத்தவன் ஓட்டுகிற மஞ்சள் வண்டி அது. முன்னால் தூக்கிப் பிடித்த இரும்பு வாளிக்கு அப்பால் திகோருக்குக் குவியல் தெரியாது. பக்கத்துக் கட்டையில் ஏறி நிற்கிற பொனிரினின் கை மட்டும்தான் தெரியும். கையைப் பார்த்ததும் குவியலை அப்படியே தள்ளி, தரையில் திறந்து கிடக்கும் தொட்டி வாய்க்குள் இறக்கிவிடுவான்.

இந்த வேலைக்கு வருமுன் பொனிரின் தோட்டத்தில் குலை வெட்டினான். ஒரு நாள் உச்சியிலிருந்து வந்த மட்டை பிடரியில் விழுந்தது. அப்போது வந்து சேர்ந்ததுதான் கழுத்தில் இருக்கிற ஆணி. இனி அண்ணாந்து அரிவாள் கட்டிய நீளக்கம்பைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் மேடைக்கு மாற்றினார்கள். மேடையும் இல்லையென்றால் அடுத்து எந்த இடமும் இல்லை. ஆலைக் குடியிருப்பில் இருக்கிற வீடு கூட வேலையோடு ஒட்டிக்கொண்டது.

வருஷக்கணக்கில் கறுப்பைத் தேடித் தேடி அவன் கண் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆரஞ்சைத் தாண்டித் தாண்டிப் போகும், கறுப்பில் இடித்துக்கொண்டு நிற்கும். துமினி முறத்தில் அரிசி புடைக்கும்போது வாசலில் நின்றபடியே கல் இருக்கிற இடத்தைச் சொல்லிவிடுவான். சந்தையில் நடந்தால் கறுப்புக் குடை, கறுப்புச் சேவல், கறுப்புப் பர்தா என்று வரிசையாக வந்து கண்ணில் விழும்.

"எம் மூஞ்சியில உனக்கு இந்த மச்சம் ஒன்னுதான் தெரியும். மிச்ச மூஞ்சி யாரோடதோ" என்பாள் துமினி.

"மச்சம் நல்லாத்தானே இருக்கு."

"ஆமா, அதைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்து."

அதுவரைக்கும் அது வீட்டுக்குள் சிரித்துக்கொள்கிற விஷயமாகத்தான் இருந்தது.

புதுச் சட்டைகள் வந்தது மழைக்கால ஆரம்பத்தில். மேடான் நகரத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்தன. கையில்லாத பாதுகாப்புச் சட்டை, நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை, பளீரென்ற ஆரஞ்சு. எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும் என்று பெட்டியிலேயே படம் போட்டிருந்தது. சாலையில், சுரங்கத்தில், துறைமுகத்தில் எல்லாம் தெரியத்தான் செய்யும். போடாமல் மேடை ஏறினால் அன்றைய சம்பளம் இல்லை என்று மேனேஜர் ஹஸிபுவான் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பு வாகிரன் வேலைக்குப் போட்டது ஒரே ஒரு கறுப்பு பனியன். ஏதோ கால்பந்துக் குழுவின் பனியன், வெளுத்து, அக்குளில் கிழிந்தது. அதைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு மேடையில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான்.

"பாத்துக்க காங். இத்தனை வருஷமாக் காயாவே கெடந்தேன். கம்பெனி ஒரு வழியாப் பழுக்க வச்சிருச்சு."

லோடரின் மேலிருந்து திகோர் எட்டிப் பார்த்தான். "பழுத்தா உள்ள தள்ளிருவேன்டா. பாத்துக்க."

"தள்ளு லாயே," என்று பத்தாக் பேச்சில் மச்சானைக் கூப்பிடுகிற சொல்லால் கூப்பிட்டான் வாகிரன். "எண்ணெயா வர்றேன். எந்தம்பி கடையில பொட்டலம் கட்டி ஒனக்கே விப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். பொனிரினும் சிரித்தான்.

நாலைந்து நாள் கழிந்து, ஒரு முற்பகல். குவியல் பார்த்தாகிவிட்டது. பொனிரின் கட்டையில் ஏறினான், கண்ணை ஓட்டினான். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், அவசரமில்லாமல் ஓட்டினான். சுத்தமாக இருந்தது. கையைத் தூக்கினான். லோடர் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

குவியலின் நடுவிலிருந்து ஒரு குலை எழுந்து நின்றது.

அப்படித்தான் முதலில் தெரிந்தது. குலைக்குக் கை இருந்தது, அந்தக் கை ஆடியது. "டேய், டேய், நிறுத்து" என்று அது கத்தியது. பொனிரின் கையைக் கீழே இழுத்தான், திகோர் பிரேக்கை மிதித்தான். வாகிரன் குலைகளின் மேல் தத்தித் தத்தி இறங்கி வந்து கட்டைக்கு முன்னால் நின்றான். முள் கீறிய முழங்கையிலிருந்து ரத்தம் வடிந்தது.

"என்ன காங், வீட்ல அக்காகூடச் சண்டையா? என்மேல காட்டுற."

"குனிஞ்சிருந்தியா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். உன்னப் பாத்துக்கிட்டு நின்னேன். நீயும் என்னத்தான் பாத்த."

திகோர் மேலிருந்து, "ரெண்டு பேரும் கண்ணால பேசிட்டு அப்புறம் கையத் தூக்குங்கப்பா" என்றான். பின்னால் காத்திருந்த லாரிக்காரர்கள் சிரித்தார்கள். விஷயம் சிரிப்போடு முடிந்துவிட்டது. ஆனால் பொனிரின் கட்டையை விட்டு இறங்காமல் நின்றான். வாகிரன் நின்ற இடத்தை அவன் பார்த்தான் என்பது அவனுக்கே நிச்சயமாகத் தெரியும். அந்த இடத்திலிருந்த குலையின் காம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதுகூட நினைவிருந்தது.

மதியம் சாப்பாட்டுக் கடையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சோறு, பொரித்த சோயாத் தெம்பே, மிளகாய்ச் சம்பல். வாகிரன் கிரெத்தெக் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"இந்தச் சட்டைதான் காங். குலையும் சட்டையும் ஒரே நெறம். நீ கறுப்பத் தேடுற ஆளு. ஒனக்கு நான் இப்ப இல்ல."

"பைத்தியக்காரப் பேச்சு பேசாத."

"கறுப்பு பனியன் போட்டப்ப ஒரு தடவையாவது இப்பிடி ஆச்சா?"

பொனிரின் தெம்பேயைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஹஸிபுவான்கிட்டப் போய்ச் சொல்லு. சட்டைய மாத்தச் சொல்லு. பச்சையோ நீலமோ, என்ன கருமமோ."

"நான் போய் என்னன்னு சொல்றது? பாக், ஐயா, மேடையில நிக்கிற ஆள் எனக்குத் தெரியலன்னா?"

"அதத்தான் சொல்லணும்."

"சொன்னா என்ன பண்ணுவாரு? சட்டைய மாத்துவாரா, ஆள மாத்துவாரா?"

வாகிரன் புகையை விட்டான். பெட்டி பெட்டியாக வந்த சட்டையா, கழுத்து போன ஒரு கிழடா என்று பார்த்தால் எது மலிவு என்று அவனுக்கும் தெரியும்.

பொனிரின் ஆலைக் கிளினிக்குக்குப் போனான். மருந்து கொடுக்கிறவரை அங்கே மந்திரி என்பார்கள். மந்திரி ஜுல்ஹாம் சுவரில் எழுத்துப் பலகையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி வாசிக்கச் சொன்னார். கடைசி வரிவரைக்கும் பொனிரின் தடுமாறாமல் வாசித்தான். நிறப் புள்ளிகள் போட்ட புத்தகத்தைக் காட்டினார். ஆரஞ்சுப் புள்ளிகளுக்குள் மறைந்திருந்த இலக்கத்தையும் சரியாகச் சொன்னான்.

"கண்ணு ராஜாளிக் கண்ணு. எதுக்கு வந்த?"

பொனிரின் சுற்றி வளைத்துச் சொன்னான், யாரோ ஒருவனுக்கு நடந்ததுபோல. மந்திரி சிரித்தார்.

"போன மாசம் சந்தையில பொண்டாட்டியத் தேடிக்கிட்டிருந்தேன். பச்சை முக்காடு போட்டிருந்தா. பச்சை பச்சையாத் தேடுறேன். எதிர்ல மாமியார் நிக்கிறா, வெள்ளை முக்காடு. என்னைப் பாத்துச் சிரிக்கிறா. நான் அவ மூஞ்சியப் பாத்துட்டு நேராப் போய்ட்டேன். இன்னும் அந்த வீட்ல எனக்குச் சரியாச் சோறு கெடையாது." சிரிப்பை நிறுத்திவிட்டு, "கண்ணு எல்லாத்தையும் கொண்டு வந்து கொட்டும். தேடுறதை மட்டும்தான் உள்ள எடுத்துக்கும். மிச்சம் வாசல்லயே கெடக்கும். அந்த யாரோ ஒருத்தன் என்ன வேலை பாக்குறான்?" என்றார்.

"லாரி ஓட்டுறான்."

"அப்ப எழுதித் தர்றேன், அவன வரச் சொல்லு. வேற வேலைக்கு மாத்தட்டும்."

"சரி பாக்" என்று சொல்லிவிட்டு பொனிரின் வந்துவிட்டான். சீட்டு எதுவும் வாங்கவில்லை.

கண்ணில் கோளாறு என்று வந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணாடி வாங்கி மாட்டியிருப்பான். நல்ல கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

கடைசியில் இருவருமாக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பொனிரின் கட்டையில் ஏறியதும் "யாரு?" என்று கத்துவான். வாகிரன் குவியலில் இருந்தால் "இருக்கேன்" என்று பதில் கத்துவான். பதில் வந்தால் கை ஏறாது. திகோருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "என்னடா இது, சாமி கூப்பிடுற மாதிரி" என்பான். ஆனாலும் வேலை நடந்தது. வாரக்கணக்கில் நடந்தது. பொனிரின் கண்ணையும் பழக்கிப் பார்த்தான். கறுப்பைப் பார்த்து முடித்த பிறகு, "இப்போது ஆரஞ்சைப் பார், மனுஷனைப் பார்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இரண்டாம் தடவை பார்ப்பான். அப்படிப் பார்க்கிற சமயம் வாகிரன் தெரிந்தான், வெள்ளிப் பட்டையோடு பளிச்சென்று. மந்திரி சொன்னது சரிதான், தேடினால் இருக்கிறான். ஆனால் மனுஷனைத் தேடுகிற நேரத்தில் காய்கள் நழுவின. ஒரு லாரியில் நாலைந்து கறுப்பு உள்ளே போய்விட்டது. ஹஸிபுவான் மேடைக்கு வந்தார்.

"என்ன பொனிரின், தூங்குறியா? உன் கண்ணுக்குத்தான் சம்பளம் குடுக்குறேன்."

"மன்னிக்கணும் பாக்."

"வயசாயிருச்சுன்னா சொல்லிரு."

பொனிரின் மறுபடியும் கறுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மனுஷனைக் காதிடம் விட்டான்.

விளைச்சல் உச்சத்துக்கு வந்தது. லாரிகள் வாசலைத் தாண்டி ரந்தாவ் பிராபாட் ஊருக்குப் போகிற சாலைவரை நின்றன. வண்டி தேங்குகிறது என்று மேனேஜர் புது ஏற்பாடு செய்தார். பொனிரினின் தோளில் ஒரு வாக்கி-டாக்கியைக் கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு குவியலிலும் காய் எத்தனை என்று அவன் எடைமேடைக்கு வாயால் உடனே சொல்ல வேண்டும். எடைமேடைப் பெண் அதை எழுதி அடுத்த வண்டியை அனுப்புவாள். அவள் குரல் எந்நேரமும் காதுக்குள் இருந்தது. கண்ணில் கறுப்பு, வாயில் கறுப்பின் கணக்கு, காதில் கறுப்பைக் கேட்கிற குரல்.

"இனி நான் எதுல கத்துறது காங்? ஒங் காதையும் வாங்கிட்டாங்களே" என்றான் வாகிரன்.

"சத்தமாக் கத்து."

"கத்துறேன். கேக்குறது ஒம் பாடு."

அன்றைக்குக் காலையில் பெய்த மழை விட்டிருந்தது. மேடை ஈரம். குலைகள் கழுவிவிட்ட மாதிரி மின்னின. சின்னத் தோட்டக்காரன் ஒருவன் தன் குலைகளைக் காய் என்று ஒதுக்கியதற்காக பொனிரினின் முகத்துக்கு நேராக வந்து சண்டை போட்டான். "இது காயா? ஒங்கப்பன் கண்ணுல பாரு." பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. தோளில் எடைமேடைப் பெண் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"மேடை, மேடை. காய் எத்தனை? சீக்கிரம் பாக்."

பொனிரின் கட்டையில் ஏறினான். "யாரு?" என்று கத்தினான். கத்திய அதே மூச்சில் கண் கறுப்பை எண்ணத் தொடங்கியிருந்தது. வலது மேல் மூலையில் ஒன்று, அது பாதிக் கறுப்பு, சேர்த்துக்கொள்ளலாமா? அதன் காம்பு நீளம். நீளக் காம்புக்குத் தனிக் கணக்கு.

"மேடை, கேக்குதா?"

"கேக்குது, ஆறு, இல்ல ஏழு" என்று தோளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கண்ணைக் குவியல் முழுக்க ஓட்டினான். சுத்தமாக இருந்தது. கையைத் தூக்கினான்.

லோடர் தள்ளியது. குவியல் அசைந்து, உருண்டு, தொட்டி வாயை நோக்கிச் சரிந்தது. அந்தச் சரிவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, குலையின் சத்தம் இல்லை. தோட்டக்காரன்தான் முதலில் ஓடினான். பொனிரின் கையை இறக்க மறந்து நின்றான். கை மேலேயே இருந்ததால் திகோர் இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

வாகிரனைத் தொட்டி விளிம்பிலிருந்து இழுத்தெடுத்தார்கள். ஒரு குலைக்கடியில் கொக்கி மாட்டிக்கொண்டதாம், அதை எடுக்கப் போயிருக்கிறான். இடது கால் முழங்காலுக்குக் கீழே வாளிக்கும் தொட்டியின் இரும்பு விளிம்புக்கும் நடுவில் போயிருந்தது. அவனுடைய சட்டையில் ரத்தம் எது, பழச்சாறு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லாரி ஒன்றில் அவனை ஏற்றி அனுப்பிய பிறகு, கட்டையில் உட்கார்ந்திருந்த பொனிரினுக்குக் காதில் "இருக்கேன்" என்று கேட்டது. அப்போதுதான் கேட்டது. முன்பே வந்த சத்தம் அது. எங்கோ வாசலில் காத்துக் கிடந்துவிட்டு, எல்லாம் முடிந்த பிறகு உள்ளே வந்தது. ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டாம் தடவை "காங், இருக்கேன்."

விசாரிக்க மேடானிலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தாள். ரோஸ்டியானா என்று பெயர், முப்பதுக்குள் இருக்கும். எல்லோரும் மரியாதையாக 'இபு', அம்மா, என்று கூப்பிட்டார்கள். கத்தவில்லை, மிரட்டவில்லை. பொனிரினை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, மேடைக் கம்பத்தின் கேமரா எடுத்த படத்தைத் திரையில் ஓட்டினாள்.

திரையில் பொனிரின் கட்டையில் நின்றான். அவன் முகம் வாகிரனுக்கு நேராக இருந்தது. வாகிரன் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். தலையைத் திருப்பி வாயைத் திறந்தான். பொனிரினின் முகம் அங்கேயே நின்றது. பிறகு கை உயர்ந்தது.

அவள் படத்தை நிறுத்தினாள். "பாக் பொனிரின், நீங்க அவரைத்தான் பாக்குறீங்க."

"ஆமா இபு."

"அவர்கூட ஏதாவது மனத்தாங்கலா? குடும்பத்துல?"

"இல்ல. அவன் என் மச்சினன்."

"அதனாலதான் கேக்குறேன்."

அறையில் ஹஸிபுவான் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?"

"தூசி இபு. கண்ணுல தூசி விழுந்துருச்சு."

"அன்னிக்கு மழை பெஞ்சிருந்தது பாக்." அவள் கோபப்படவில்லை. நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மேடையில ஆளைப் பாக்க ஏதாவது கஷ்டம் இருக்கா? வெளிச்சம், நிக்கிற இடம், இந்த வாக்கி-டாக்கி, போட்டிருக்கிற சட்டை? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. மாத்துறதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

பொனிரின் வாயைத் திறந்தான். ஜன்னலோரம் ஹஸிபுவான் திரும்பினார். பொனிரினின் கழுத்து ஆணி ஒரு சுற்றுச் சுற்றியது.

"சட்டை நல்லாத் தெரியுது இபு. கஷ்டம் ஒன்னுமில்ல."

அவள் அதை எழுதினாள்.

சைகைக்கு முன் குவியலை விட்டு இறங்காதது வாகிரனின் தவறு என்று முடிவாயிற்று. தவறு இல்லையென்றால் ஆலை அவனுக்கு வாசல் காவலிலோ எடைமேடையிலோ உட்கார்ந்து செய்கிற வேலை தர வேண்டும். தவறு என்பதால் தர வேண்டியதில்லை. குடியிருப்பு வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லி வாகிரனின் மனைவிக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். குடியிருப்பில் வேறு பேச்சும் பரவியது. படத்தைப் பார்த்த யாரோ வெளியே சொல்லியிருக்கிறார்கள். கிணற்றடியில் துமினி போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ரந்தாவ் பிராபாட் ஆஸ்பத்திரியில் வாகிரன் சுவரோரக் கட்டிலில் கிடந்தான். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாகப் போயிருந்தது. பொனிரின் வாங்கி வந்த ஆரஞ்சுப் பழங்களைப் பார்த்துவிட்டு, "வேற நெறம் கெடைக்கலயா ஒனக்கு?" என்றான்.

பொனிரின் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"படத்த எனக்கும் காட்டுனாங்க காங். எம் பொண்டாட்டிக்கும் காட்டுனாங்க. என்னயே பாத்துக்கிட்டு நின்ன. நீ வேணும்னேதான் பண்ணுனன்னு அவ சத்தியம் பண்றா."

"நீ?"

"நான் அன்னிக்கே கடையில சொன்னேனே, நான் ஒனக்கு இல்லன்னு. எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்கினான். "கத்துனேன் காங்."

"கேட்டுச்சு. அப்புறமாக் கேட்டுச்சு."

வாகிரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள்.

"எங் காலத் திருப்பிக் கேக்கல. அதக் குடுக்க ஒன்னால ஆகாது. ஒரு வார்த்தை சொல்லு போதும். அந்த மேடான் பொண்ணுகிட்டப் போய், அவன் நின்னது எனக்குத் தெரியல, சட்டையும் குலையும் ஒரே நெறம், தப்பு அவன் மேல இல்லன்னு சொல்லு. எனக்கு வாசல்ல ஒரு நாற்காலி கெடைக்கும். எம் பிள்ளைங்க வீட்ல இருக்கும்."

"சொல்றேன்."

"எப்ப?"

"நாளைக்கு. அந்த அம்மா இந்த வாரம் முழுக்க இங்கதான் இருக்காங்க."

"அக்கா தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னு கேக்க மாட்டேன். நீ சொல்றேன்னா சரி" என்று வாகிரன் கண்ணை மூடிக்கொண்டான்.

வாகிரனின் கொக்கியை இப்போது மார்ஜோ என்பவன் வைத்திருந்தான். தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தவன், தலை நரைத்தவன், வாயைத் திறந்து பேசாதவன். பெட்டியிலிருந்து பிரித்த புத்தம்புதுச் சட்டையைப் போட்டிருந்தான். அது வாகிரனுடையதைவிடப் பளபளப்பாக இருந்தது.

மறுநாள் உச்சிக்குமுன் பொனிரின் கட்டையில் ஏறினான். "யாரு?" என்று கத்தினான். மார்ஜோவுக்கு அந்த வழக்கம் யாரும் சொல்லித் தரவில்லை என்பது கத்திய பிறகுதான் உறைத்தது. தோளில் எடைமேடைப் பெண் எண்ணிக்கை கேட்டாள். சொன்னான். ஆரஞ்சைப் பார், மனுஷனைப் பார் என்று சொல்லிக்கொண்டு கண்ணை ஓட்டினான். குவியல் சுத்தமாக இருந்தது. வாகிரன் நின்ற அன்றைக்கும் இதே மாதிரிதான் சுத்தமாக இருந்தது. எது நிஜச் சுத்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஹார்ன் அடித்தது. திகோர் வாளியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தான். இப்போதெல்லாம் அவன் ஜோக் அடிப்பதில்லை.

பொனிரினின் கை ஏறியது.

லோடர் குவியலைத் தள்ளி முடிக்கும்வரை அவன் மூச்சு விடவில்லை. குலைகள் தொட்டிக்குள் விழுந்தன, வெறும் குலைகளின் சத்தம்தான். திரும்பிப் பார்த்தால், மேடையின் பின்பக்கக் குழாயில் மார்ஜோ வாயைத் துடைத்துக்கொண்டு நின்றான். தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறான். தாகம் எடுத்திராவிட்டால் எங்கே நின்றிருப்பான் என்று பொனிரினுக்குத் தெரியாது. அவன் எழுந்து போனதையும் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் அங்கே இருந்ததையும் பார்க்கவில்லை.

வேலை முடிந்து ஆபீஸ் வழியாக வந்தான். கதவு திறந்திருந்தது. ரோஸ்டியானா மேஜையில் தனியாக உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "என்ன பாக், ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"இல்ல இபு. கழுத்து வலிக்கு மாத்திரை இருக்குமான்னு பாத்தேன்."

"கிளினிக்ல கேளுங்க."

"சரி இபு."

வீட்டில் துமினி அடுப்படியில் நின்றாள். திரும்பாமலேயே கேட்டாள். "சொன்னியா?"

"நாளைக்கு."

"நேத்தும் நாளைக்குன்னுதான் சொன்ன."

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். வெள்ளிக்கிழமை ரோஸ்டியானா மேடானுக்கு வண்டி ஏறினாள். மாதக் கடைசியில் வாகிரனின் பிள்ளைகள் பாயையும் பாத்திரத்தையும் தலையில் வைத்துக்கொண்டு குடியிருப்பை விட்டுப் போனார்கள். பொனிரின் மேடையில் நிற்கிறான், மார்ஜோ அதே சட்டையில் குவியல் ஏறுகிறான். "அவன் நின்னது எனக்குத் தெரியல" என்று சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை. வாகிரனுக்கு அந்த ஒரு வார்த்தை பாக்கி.